தாகமில்லாத புற்று

மலைக்காடு, முட்காடு, புல்வெளி மூன்றும் கூடும் இடத்தில் ஒரு குளம் இருந்தது. கோடையில் மூன்று பக்கத்து விலங்குகளும் அங்கேதான் குடிக்க வரும். வேறு தண்ணீர் கிடையாது.

ஒவ்வொரு கோடையின் தொடக்கத்திலும் குளக்கரையில் கூட்டம் நடக்கும். மலைக்காட்டின் சார்பில் காட்டெருமை வரும். முட்காட்டின் சார்பில் காட்டுப்பன்றி வரும். புல்வெளிக்குக் கலைமான். மலைக்காட்டார்தான் அதிகம் குடிக்கிறார்கள் என்று பன்றி சொல்லும். பன்றிகள் குடிப்பது கொஞ்சம், புரண்டு கலக்குவதுதான் அதிகம் என்று மான் சொல்லும். மான்கள் ஒன்றிரண்டாக வருவதில்லை என்பதைக் காட்டெருமை நினைவுபடுத்தும். மாலையானதும் எல்லாம் ஆழ்ந்த கவலை தெரிவித்துவிட்டு, அடுத்த ஆண்டும் கூடுவதென்று முடிவு செய்து கலைந்துவிடும். ஏழு ஆண்டுகளில் ஒருமனதாக எடுத்த முடிவு அது ஒன்றுதான்.

கூட்டத்துக்கு ஒரே ஒரு விதி இருந்தது. கரை மணலில் காலடித் தடம் பதித்தவர்தான் பேசலாம். தலைக்கு மேலே பறந்தபடி ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போய்விடும் பறவைகளுக்காக வைத்த விதி. அப்போது அது நல்ல விதியாகத்தான் தெரிந்தது.

எட்டாம் ஆண்டு மழை சரியாகப் பெய்யவில்லை. கோடை தொடங்கும்போதே குளம் பாதியாக இருந்தது. அன்றைய கூட்டத்தில் ஒரு மந்தி எழுந்து, கரை மேட்டில் இருந்த கரையான் புற்றைப் பற்றிப் பேசியது.

அந்தப் புற்றின் கரையான்கள் மூன்று காடுகளுக்கும் அடியில் வழி வைத்திருந்தன. எந்த வேரில் ஈரம் இருக்கிறது, எந்தக் கிளை காய்கிறது, எல்லாம் அவற்றின் வழியாக வந்து சேரும். ஒரு கரையானைப் பிடித்துக் கேட்டால் ஒன்றும் தெரியாது. "நான் மண் சுமக்கிறேன்" என்று மட்டும் சொல்லும். ஆனால் புற்றின் வாயருகே நின்று கேட்டால் கேள்வி உள்ளே ஓடும். ஆயிரம் ஆயிரமாகக் கரையான்கள் அங்குமிங்கும் ஓடும். சற்று நேரத்தில் உள்ளிருந்து பதில் வரும். மந்தி சோதித்துப் பார்த்திருந்தது. முட்காட்டில் எந்த இலந்தை இந்த ஆண்டு காய்க்காது என்று கேட்டது. புற்று மூன்று மரங்களைச் சொன்னது. மூன்றும் காய்க்கவில்லை.

"அதற்கு எந்தக் காடும் சொந்தமில்லை. வாய் இருக்கிறது, ஆனால் குடிக்கிற வாய் இல்லை. தாகமே இல்லாத ஒன்றைவிட நடுநிலையாக யார் பங்கு பிரிக்க முடியும்?" என்றது மந்தி.

பங்கு பிரிக்கும் வேலை புற்றிடம் போனது. கேள்விகளைப் புற்றிடம் கொண்டுபோகும் வேலையை மந்தியே எடுத்துக்கொண்டது.

புற்று நன்றாகவே பிரித்தது. மழைக்கு நாற்பது நாள் இருக்கிறது, நாளுக்கு ஒரு விரல் மட்டும் இறங்கினால் குளம் தாங்கும் என்றது. காட்டெருமைகள் காலையில் மட்டும் குடிக்க வேண்டும். பன்றிகள் வாரத்துக்கு ஒரு தடவை புரளலாம். மான்கள் பாதிப் பாதியாகப் பிரிந்து வர வேண்டும். ஏழு ஆண்டுகளாகச் சண்டை போட்டவர்கள் அப்படியே கேட்டார்கள். பன்றிகூடக் கேட்டது. எல்லோருக்கும் தங்களைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

குளத்தின் நடுவே, கோரைப்புல்லுக்குள், ஒரு முக்குளிப்பான் மிதக்கும் கூடு கட்டி நான்கு முட்டைகள் இட்டிருந்தது. முக்குளிப்பான் தண்ணீருக்குள் மூழ்கி இரை தேடும் சிறு பறவை. அதன் கால்கள் உடம்பின் பின்கோடியில் இருக்கும். நீந்த அவைபோல் வேறில்லை. நடக்க உதவாது. கூட்டைச் சுற்றித் தண்ணீர் இருக்கும்வரை முட்டைகளுக்குப் பயமில்லை. கூடு சேற்றைத் தொட்டுவிட்டால் எவரும் நடந்து வரலாம்.

எவரும் என்றால் உடும்பு. அது தினமும் கரையில் வெயில் காய்ந்தபடி கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு நாள் உடும்பு கூப்பிட்டுச் சொன்னது: "அக்கா, இன்னும் நாலே நாளில் உன் கூடு தரை தட்டுமாம். நான் சொன்னால் நம்பமாட்டாய் என்றுதான் புற்றிடமே கேட்டுவிட்டு வந்தேன்."

முக்குளிப்பான் கூட்டுக்கு அடியில் இறங்கி அளந்தது. எட்டு விரல் தண்ணீர் இருந்தது. நாளுக்கு ஒரு விரல் என்றால் எட்டு நாள் வர வேண்டும். நாலு நாள் என்றால் குளம் நாளுக்கு இரண்டு விரல் இறங்குகிறது. முட்டை பொரிக்க இன்னும் ஆறு நாள் ஆகும். குஞ்சுகள் வந்துவிட்டால் முதுகில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். முட்டைகளை ஏற்றிக்கொண்டு போக முடியாது.

கரையில் இருந்தவர்களும் தண்ணீர் வேகமாக இறங்குவதைக் கவனித்திருந்தார்கள். எல்லோரும் தங்கள் பங்கைத்தான் குடித்தார்கள். அதனால் வேறு யாரோ திருட்டுத்தனமாகக் குடிக்கிறார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். பன்றி புற்றிடம் போய் மான்களைப் பற்றிக் கேட்டது. மான் காட்டெருமைகளைப் பற்றிக் கேட்டது. காட்டெருமை மற்ற இருவரைப் பற்றியும் கேட்டது. "கரைக்கு வருகிறவர்களில் யாரும் அதிகமாகக் குடிக்கவில்லை" என்றே ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது. யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. கேள்வியை வேறு மாதிரி மாற்றிக் கேட்டார்கள். புற்றின் முன்னால் வரிசை நீண்டது. மந்தி இலைகளைக் கிழித்து வரிசை எண் கொடுத்தது.

வரிசையில் நின்றவர்கள், வந்ததுதான் வந்தோம் என்று, மற்றதையும் கேட்டார்கள். போன ஆண்டைவிட இந்த ஆண்டு தன் கொம்பு எப்படி இருக்கிறது என்று மான் கேட்டது. புற்று பொறுமையாகப் பதில் சொன்னது. கோடை தொடங்கியபோது காட்டெருமையின் முழங்கால் உயரம் இருந்த புற்று, இப்போது அதன் திமிலைத் தாண்டியிருந்தது. அறிவு வளர்கிறது என்று மந்தி விளக்கியது.

முக்குளிப்பான் முட்டைகளின்மேல் ஈரப் பாசியை இழுத்து மூடிவிட்டு, குளத்தின் அடிவரை மூழ்கியது. இறங்குகிற தண்ணீர் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும். புற்று மேட்டுப் பக்கம், சேற்றில், சிறு சிறு துளைகள் இருந்தன. முதலில் நண்டு வளை என்று நினைத்தது. அருகில் போய்ப் பார்த்தது. நூற்றுக்கும் மேல் இருந்தன. ஒவ்வொரு துளைக்குள்ளும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே கரையான்கள் ஈர மண்ணை வாய் வாயாக எடுத்து மேலே கொண்டுபோயின.

புற்றுக்குள் ஒவ்வொரு கேள்விக்கும் ஆயிரம் ஆயிரமாக ஓட வேண்டும். ஓடினால் சூடு. சூட்டைத் தணிக்க ஈர மண் வேண்டும். கேள்வி கூடக் கூட ஈரமும் கூட வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

முக்குளிப்பான் மேலே வந்து கரையோரம் நீந்தி மந்தியைக் கூப்பிட்டது. கண்டதைச் சொல்லத் தொடங்கும்போதே மந்தி கை காட்டி நிறுத்தியது. நாளைக் காலை அவசரக் கூட்டம் இருக்கிறது, மணலில் தடம் பதித்துவிட்டுப் பேசு, தண்ணீரில் இருந்தபடி சொல்வதை எடுத்துக்கொள்ள வழியில்லை என்றது.

"எனக்கு நடக்க வராது."

"அது எனக்குத் தெரியும், தாயி. விதிக்குத் தெரியாதே" என்றது மந்தி. அதன் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது.

மறுநாள் கூட்டுக்கு அடியில் ஆறு விரல்தான் இருந்தது. முக்குளிப்பான் கரைக்கு வந்தது. உடும்பு நகர்ந்து வழி விட்டது.

"தாராளமாகப் போய்ப் பேசு, அக்கா. அதுவரை கூட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்."

"இன்னும் ஆறு விரல் ஆழம் இருக்கிறது. நீ பார்த்துக்கொண்டே இரு" என்று சொல்லிவிட்டு முக்குளிப்பான் மணலில் ஏறியது.

இரண்டு அடி வைத்ததும் நெஞ்சு தரையில் மோதியது. எழுந்தது. மறுபடி விழுந்தது. பிறகு எழவில்லை. இறக்கைகளை ஊன்றி, கால்களால் பின்னாலிருந்து தள்ளித் தள்ளி, நெஞ்சாலேயே ஊர்ந்து கூட்டத்தின் நடுவே வந்து சேர்ந்தது. பின்னால் மணலில் ஒரு நீண்ட கோடு கிடந்தது.

இது தடமா என்று பன்றி கேட்டது. பாம்பு போனாலும் இப்படித்தான் இருக்கும் என்றது. இரண்டு ஓரத்திலும் விரல் பதிந்திருக்கிறது என்றது மான். விரல் பதிந்தால் போதுமா, நடந்திருக்க வேண்டாமா என்றது பன்றி. நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் மந்தி அதையும் புற்றிடமே கேட்டது. உள்ளே வெகுநேரம் ஓட்டம் கேட்டது.

"அது காலடித் தடம்" என்றது புற்று.

காட்டெருமை தலையசைத்தது. முக்குளிப்பான் மூச்சு வாங்கிக்கொண்டு புற்றின் பக்கம் திரும்பியது.

"நீ ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் எடுக்கிறாய்?"

இந்தத் தடவை பதில் உடனே வந்தது.

"நேற்று மூன்று காடுகளும் சேர்ந்து குடித்த அளவு."

காட்டெருமை திரும்பி, தண்ணீர் இறங்கிப்போன குளக்கரையின் ஈரத்தைப் பார்த்தது.

"ஏன் எங்களிடம் சொல்லவில்லை?" என்று அது புற்றைக் கேட்டது.

"கரைக்கு வருகிறவர்களைப் பற்றித்தான் கேட்டீர்கள். நாங்கள் கரைக்கு வருவதில்லை. எங்களையும் சேர்க்க வேண்டும் என்றால் சொல்லுங்கள், சேர்த்துக்கொள்கிறோம்" என்றது புற்று. அதில் கோபமோ வெட்கமோ இல்லை.

பன்றி எழுந்து கோரைப்பல்லைத் தாழ்த்தியது. "நாக்கு வறண்டு நான் புரளாமல் கிடக்கிறேன். இதற்குத் தாகமே இல்லையாம்! ஒரே முட்டு, பொடிப்பொடி!" என்று சீறியது.

"வேண்டாம், அண்ணே" என்றது முக்குளிப்பான். "மழை எப்போது என்று அதற்குத்தான் தெரியும். அதை இடித்துவிட்டால் நாளைக்கே நீங்கள் மூவரும் மறுபடி பழைய சண்டையைத் தொடங்குவீர்கள். என் முட்டைக்கு அதுவும் ஆபத்துதான். அதற்கும் ஒரு பங்கு வையுங்கள். அதைத் தாண்டக் கூடாது என்று சொல்லுங்கள்."

அது சரி என்று மந்திக்குப் பட்டது. புற்றுக்கு எவ்வளவு பங்கு தரலாம் என்று கேட்க அது புற்றின் வாயை நோக்கிக் குனிந்தது.

"அதை மட்டும் அதனிடம் கேட்காதே!" என்றது முக்குளிப்பான்.

மந்தி நிமிர்ந்தது. இனி யாரைக் கேட்பது என்று அதற்குத் தெரியவில்லை. மெல்ல எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

உச்சிவெயில்வரை பேசினார்கள். குரல் உயர்ந்தது. பன்றி இரண்டு தடவை கோபித்துக்கொண்டு போய், இரண்டு தடவையும் திரும்பி வந்தது. முடிவில், நாள்தோறும் காலையில் ஒரே ஒரு கேள்வி, அதுவும் மூன்று காட்டுக்கும் பொதுவான கேள்வி, அதற்கு வேண்டிய ஈரம் மட்டுமே புற்றின் பங்கு, என்று ஏற்பாடு ஆயிற்று. கொம்பைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று தனியாகச் சொல்லவில்லை. மான் தானாகவே வேறு பக்கம் பார்த்துக்கொண்டது. புற்று அந்தப் பங்கைத் தாண்டாமல் இருக்கிறதா என்பதைக் கரையிலிருந்து பார்க்க முடியாது. அதனால் தினமும் மூழ்கிப் பார்த்துச் சொல்லும் பொறுப்பை முக்குளிப்பானுக்குக் கொடுத்தார்கள். அது தண்ணீரில் இருந்தபடியே பேசலாம் என்று விதியைத் திருத்தினார்கள்.

புற்றிடம் முடிவைச் சொன்னார்கள். ஒரு கேள்விக்கு இவ்வளவு பெரிய புற்று தேவையில்லை என்று சொல்லி, அது அன்றே மேல் பாதியைக் காலி செய்துவிட்டது. குளத்தின் அடியில் துளைகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. எட்டு மட்டும் திறந்திருந்தன. முக்குளிப்பான் எண்ணிப் பார்த்தது. மறுநாளும் எண்ணியது.

தண்ணீர் நாளுக்கு ஒரு விரல் இறங்கியது. ஐந்தாம் நாள் விடியலில் மூன்று முட்டைகள் பொரிந்தன. நான்காவது பொரிக்கவில்லை. முக்குளிப்பான் அதன் அருகே நண்பகல்வரை இருந்தது. பிறகு மூன்று குஞ்சுகளையும் முதுகில் ஏற்றிக்கொண்டு ஆழமான பக்கம் போய்விட்டது.

ஆறாம் நாள் கூடு சேற்றில் தட்டியது. உடும்பு நடந்து போய் எட்டிப் பார்த்தது. ஓடுகளும், குளிர்ந்துபோன ஒரு முட்டையும் இருந்தன. அந்த முட்டையைத் தின்றுவிட்டு, நேராகப் புற்றிடம் போய், அந்தப் பறவை அடுத்த கூட்டை எங்கே கட்டும் என்று கேட்டது.

"இன்றைய கேள்வி முடிந்துவிட்டது" என்றது மந்தி.

எல்லோருக்கும் பொதுவானதைப் பங்கிட எவ்வளவு பெரிய அறிவை அமர்த்தினாலும், அந்த அறிவு எடுத்துக்கொள்ளும் பங்கை அளப்பதும் அதற்கு வரம்பு வைப்பதும் நம்முடைய வேலை.