பச்சைக் காரா, சிவப்புக் காரா?

நெல்லிக்காட்டில் ஒரு கரடி இருந்தது. அதன் பெயர் ஏகாம்பரம். அந்தக் காட்டில் கார் வைத்திருந்த ஒருசிலரில் அதுவும் ஒன்று. பச்சைக் கார். வாங்கின புதிதில் வாழைக்குருத்து மாதிரி இருந்ததாம். வெயிலும் மழையும் பட்டு இப்போது பாசி நிறத்துக்கு வந்திருந்தது.

சந்தை கூடுவது மலைக்கு அந்தப் பக்கம், ஏரிக்கரையில். போகிற வழியில் பெரிய ஏற்றம் ஒன்று. அதைத் தாண்டினால் அதைவிடச் செங்குத்தான இறக்கம். ஏகாம்பரம் ஒவ்வொரு சந்தை நாளும் காரில் தேன் பானைகளை ஏற்றிக்கொண்டு போகும். நடக்க முடியாதவர்கள் யாராவது இருந்தால் அவர்களையும் ஏற்றிக்கொள்ளும். ஏரிக்கரையில் நாரை வைத்தியர் இருந்தார். அவரை விட்டால் நெல்லிக்காட்டுக்கு வேறு வைத்தியர் கிடையாது.

அந்த வருஷம் அப்படிக் காரில் போய்வந்துகொண்டிருந்தது செண்பகம் என்கிற மானும் அதன் குட்டியும். குட்டி பள்ளத்தில் விழுந்து பின்னங்காலை முறித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சந்தை நாளும் நாரை வைத்தியர் பழைய கட்டை அவிழ்த்து, எண்ணெய் தடவி, புதுக் கட்டுப் போடுவார். ஒழுங்காக வந்துகொண்டிருந்தால் கால் நேராகக் கூடிவிடும், நடுவில் விட்டால் கோணலாகவே கூடிவிடும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். ஓட முடியாத மானுக்குக் காட்டில் என்ன கதி என்று செண்பகத்துக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒரு சந்தை நாளில் பச்சைக் கார் ஏற்றத்தின் நடுவில் நின்றுவிட்டது. முன்பக்கத்திலிருந்து குபுகுபுவென்று ஆவி வந்தது. ஏகாம்பரம் இறங்கிப் பார்த்தது, தட்டிப் பார்த்தது, கொஞ்சம் கெஞ்சியும் பார்த்தது. கடைசியில் அந்த வழியாக வந்த காட்டுப்பன்றிகள்தான் உச்சி வரை தள்ளிவிட்டன. ஏரிக்கரைக்குப் போய்ச் சேரும்போது சந்தை கலைந்துவிட்டது. நல்லவேளையாக வைத்தியர் காத்திருந்தார்.

அன்றைக்குத்தான் ஏகாம்பரத்தின் மண்டைக்குள் அந்தக் கேள்வி புகுந்தது. இந்தக் காரையே வைத்துக்கொள்வதா, இல்லை வேறு நல்ல கார் பார்ப்பதா?

முதலில் மனைவி கோமளத்திடம் கேட்டது. இத்தனை வருஷம் நம்மைக் கைவிடாத வண்டி, அதை எப்படி விற்க மனசு வரும் என்றது கோமளம். ஏகாம்பரத்துக்கு நிம்மதியாக இருந்தது. மறுநாள் காலையில் காரின் கதவு கழன்று கோமளத்தின் கையோடு வந்துவிட்டது. இந்தத் தகர டப்பாவோடு இன்னும் எத்தனை நாள் மல்லுக்கட்டுவது என்று கோமளமே கத்தியது. ஏகாம்பரம் கதவைக் கயிற்றால் கட்டிவிட்டு, எது கோமளத்தின் உண்மையான அபிப்பிராயம் என்று நெடுநேரம் யோசித்தது.

அடுத்து மெக்கானிக் சூசையிடம் போனது. சூசை ஒரு முள்ளம்பன்றி. காருக்கு அடியில் புகுந்து, முட்கள் தகரத்தில் உரச உரச எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வெளியே வந்தது.

"எஞ்சின் நல்லா இருக்குண்ணே. பிரேக்தான் ரொம்பத் தேஞ்சிருக்கு. அதை மட்டும் உடனே மாத்திடுங்க. மத்ததை மெதுவாப் பாத்துக்கலாம்."

வைத்துக்கொள்ளலாமா, விற்றுவிடலாமா என்று ஏகாம்பரம் கேட்டது. வைத்துக்கொள்ளலாம் என்றது சூசை. பிறகு தாடையைச் சொறிந்துகொண்டு, விற்றாலும் தப்பில்லை என்றது.

தெளிவு தேடி வந்த ஏகாம்பரம் வந்ததைவிட அதிகக் குழப்பத்தோடு திரும்பியது.

ஓடைக்கரையில் தாமோதரன் என்ற நரி பழைய கார்களை வாங்கி விற்றுக்கொண்டிருந்தது. ஏகாம்பரம் அங்கேயும் போய்ப் பார்த்தது. வாசலிலேயே ஒரு சிவப்புக் கார் நின்றது. மயில் ஒன்று வைத்திருந்த கார். ஒரு கீறல் கிடையாது. உட்கார்ந்தால் இருக்கை பஞ்சு மாதிரி உள்வாங்கியது. ஓடைக்கரை மணலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தபோது சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது.

ஏகாம்பரத்துக்குப் பிடித்துவிட்டது. ஆனால் விற்பது நரி ஆயிற்றே! நரி சிரித்தால் அதில் ஏதோ இருக்கிறது என்று தோன்றியது. சிரிக்காமல் இருந்தால் அதைவிடப் பெரிதாக ஏதோ இருக்கிறது என்று தோன்றியது. மயில் ஏன் விற்றது, வெயிலில் சிவப்பு வெளுக்குமா, முன்னால் எங்காவது இடித்த காரா என்று துருவித் துருவிக் கேட்டது. மயிலுக்குத் தோகை உள்ளே அடங்கவில்லை, அதனால்தான் விற்றது என்றது நரி. அந்தப் பதிலிலும் ஏகாம்பரத்துக்குச் சந்தேகம் வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பிவிட்டது.

அதற்குள் காடு முழுக்க விஷயம் பரவிவிட்டது. முயல் வந்து, சிவப்பையே வாங்குங்கள், பார்த்தாலே ஒரு மதிப்பு வரும் என்றது. காட்டெருமை, பழைய காரின் பின்சீட்டு மாதிரி அகலமான சீட்டு இந்தக் காலத்தில் கிடைக்காது என்றது. அது ஒருநாளும் காரில் ஏறியதில்லை. ஆமை, எதற்கும் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள் என்றது. யார் பேசினாலும் ஏகாம்பரம் தலையை ஆட்டியது. அவர் சொல்வது சரிதான் என்று நினைத்தது. அவர் போனதும் அடுத்தவர் சொன்னது ஞாபகம் வந்தது.

சாப்பிடும்போது பச்சைக் கார், குளிக்கும்போது சிவப்புக் கார் என்று மனசு அல்லாடியது. தேன்கூட்டுக்கு எதிரில் நின்றுகொண்டு, எதற்கு வந்தோம் என்று மறந்துபோய்த் திரும்பியது. இரண்டு கார்களும் கனவில் வந்து தன்னை மாற்றி மாற்றி ஓட்டுவதாகக் கூட ஒருநாள் கண்டது.

இந்தக் குழப்பத்தில் சின்ன வேலை ஒன்று அப்படியே நின்றுபோனது. பிரேக் மாற்றலாம் என்று கிளம்பும். உடனே, விற்கப்போகிற காருக்கு எதற்குப் புது பிரேக் என்று தோன்றும். சரி, சிவப்பையே வாங்கிவிடலாம் என்று கிளம்பும். உடனே, பிரேக் மாற்றினால் ஓடப்போகிற கார் வீட்டில் நிற்கும்போது இன்னொன்று எதற்கு என்று தோன்றும். இப்படிப் பழையதைச் சரிசெய்யவும் இல்லை, புதியதை வாங்கவும் இல்லை.

மழை பிடித்துக்கொண்டது. அடுத்த சந்தை நாளும் வந்தது. வழியில் பார்த்த சூசை, பிரேக் மாற்றியாகிவிட்டதா என்று கேட்டது. இந்த வாரம் ஒரு முடிவு எடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு ஏகாம்பரம் காரை நகர்த்தியது. பின்சீட்டில் செண்பகம் குட்டியை அணைத்தபடி உட்கார்ந்திருந்தது. டிக்கியில் தேன் பானைகள்.

ஏற்றத்தைக் கார் முக்கி முனகி ஏறிவிட்டது. இறக்கத்தில்தான் வந்தது வினை. ஏகாம்பரம் பிரேக்கை மிதித்தது. கார் நிற்கவில்லை. எழுந்து நின்று மிதிக்காத குறையாக மிதித்தது. அப்போதும் நிற்கவில்லை. ஈர ரோட்டில் கார் வேகம் எடுத்தது. எதிரே வளைவு. வளைவுக்கு அப்பால் வெறும் ஆகாயம்.

"குட்டியைப் பிடிச்சுக்கோ!" என்று கத்திவிட்டு ஏகாம்பரம் ஸ்டியரிங்கை மலைப்பக்கமாக ஒடித்தது. அங்கே அடர்த்தியாக மூங்கில் புதர் இருந்தது. கார் அதற்குள் பாய்ந்து, மூங்கில்களை முறித்துக்கொண்டு போய், ஒரு பாறையில் முட்டி நின்றது.

கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு குட்டி அழுதது. அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் ஏகாம்பரத்துக்கு மூச்சே வந்தது.

செண்பகத்துக்கு அடி இல்லை. ஏகாம்பரத்தின் நெற்றி கிழிந்திருந்தது. குட்டியின் கால்கட்டு நழுவி, கால் மறுபடி வீங்கத் தொடங்கியிருந்தது. ஏகாம்பரம் குட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டது. தேன் வழிந்துகொண்டிருந்த காரை அங்கேயே விட்டுவிட்டு, மூவரும் மழையில் நடந்தே இறங்கினார்கள்.

நடக்கும்போதும் ஏகாம்பரத்தின் வாய் ஓயவில்லை. சிவப்புக் காராக இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா, ஆனால் நரியை நம்பி எப்படி வாங்குவது, பச்சைக் காருக்கே பிரேக் மாற்றியிருந்தால், ஆனால் எருமை சொன்னது, முயல் சொன்னது என்று புலம்பிக்கொண்டே வந்தது. செண்பகம் நடப்பதை நிறுத்தியது.

"அண்ணே, எனக்குப் பச்சையும் வேண்டாம், சிவப்பும் வேண்டாம். என் குட்டி இந்த மலையில ஏறணும், பத்திரமா இறங்கணும். அதுக்கு எந்த வண்டி சரியா வருமோ அதுல ஏறிக்கிறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் ஏகாம்பரத்துக்கு இன்னும் சுருக்கென்றது. இத்தனை நாள் எல்லோரிடமும் எந்தக் கார் நல்ல கார் என்று கேட்டதே தவிர, எதற்கு நல்ல கார் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. தன்னிடமே கேட்டுக்கொள்ளவில்லை. குட்டியின் கால் அசையாமல் பிடித்துக்கொண்டு ஏரிக்கரை வரை நடந்தது.

நாரை வைத்தியர் காலைத் தடவிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். கூடி வந்த எலும்பு விலகியிருக்கிறது, இனி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். அடுத்த சந்தை நாளைத் தவறவிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அப்படியே ஏகாம்பரத்தின் நெற்றியிலும் ஒரு கட்டுப் போட்டார்.

மழை விட்டதும் சூசை வந்து மூங்கில் புதருக்குள் குனிந்து பச்சைக் காரைப் பார்த்தது. அடிச்சட்டமே வளைந்துவிட்டது, இனி இதில் உயிர்களை ஏற்ற முடியாது என்றது.

"அன்னைக்கே பிரேக்கை மாத்தியிருந்தா?" என்று ஏகாம்பரம் மெதுவாகக் கேட்டது.

"இன்னும் சில மழைக்காலம் ஓடியிருக்கும்ணே," என்றது சூசை, ஏகாம்பரத்தின் முகத்தைப் பார்க்காமல்.

ஏகாம்பரம் காரின் மேல் ஒட்டியிருந்த மூங்கில் இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டது. பிறகு சூசையையும் கூட்டிக்கொண்டு ஓடைக்கரைக்குப் போனது.

நெற்றிக் கட்டோடு வந்த கரடியைக் கண்டதும் நரி எழுந்து வந்து என்ன ஆயிற்று என்று விசாரித்தது. ஏகாம்பரம் இந்தத் தடவை சுற்றி வளைக்கவில்லை. மழையில், கால் முறிந்த குட்டியோடு, மலை ஏறி இறங்க வேண்டும், அதற்கு அந்தச் சிவப்புக் கார் ஆகுமா என்று நேராகக் கேட்டது.

"மலைக்கா?" நரி ஆச்சரியப்பட்டது. "ஆகவே ஆகாது. ரொம்பத் தாழ்வான வண்டி. கல்லு கல்லா வயிறு இடிக்கும். மயில் இதைச் சமதரையிலதான் ஓட்டிச்சு."

"இதை ஏன் அன்னைக்கே சொல்லலை?"

"மலைக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே. சிவப்பு வெளுக்குமான்னு கேட்டீங்க. மயில் ஏன் வித்துச்சுன்னு கேட்டீங்க. மத்த நேரமெல்லாம் நான் பொய் சொல்றேனான்னு என் மூஞ்சியையே பாத்துட்டு இருந்தீங்க."

அப்படியென்றால் மலைக்கு எந்த வண்டி ஆகும் என்று ஏகாம்பரம் கேட்டது.

நரி அவர்களைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனது. அங்கே புளியமரத்தடியில் மண் நிறத்தில் உயரமான கார் ஒன்று நின்றது. கிழங்கு மூட்டை ஏற்றிக்கொண்டு மலைக்கு மலை அலைந்த காட்டுப்பன்றிகளின் கார். பெயின்ட் உரிந்திருந்தது. பச்சைக் காரைவிட வயது குறைவுதான், ஆனால் பார்த்தால் அப்படித் தெரியாது. அதனால் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்று நரியே ஒப்புக்கொண்டது.

சூசை அடியில் புகுந்து பார்த்தது. பிரேக், டயர், அடிச்சட்டம் மூன்றையும் ஏகாம்பரமே பெயர் சொல்லிக் கேட்டது. பிறகு காரை எடுத்துக்கொண்டு அந்த இறக்கத்துக்கே போனது. ரோடு இன்னும் காயவில்லை. நடு இறக்கத்தில் பிரேக்கை மிதித்தது. கார் உறுமிக்கொண்டு நின்றது. இன்னும் ஒருதடவை ஏறி, இன்னும் ஒருதடவை இறங்கி மிதித்துப் பார்த்தது. அப்போதும் நின்றது. அன்றைக்கே பச்சைக் காரின் எஞ்சினையும் வீட்டிலிருந்த தேனையும் நரிக்குக் கொடுத்துவிட்டு அந்தக் காரை வாங்கிக்கொண்டது.

போயும் போயும் இந்த நிறமா என்று முயல் வருத்தப்பட்டது. இருக்கை ஒடுக்கமாக இருக்கிறதே என்றது காட்டெருமை. ஆமை, இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம் என்றது. ஏகாம்பரம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது. தலையை மட்டும் ஆட்டவில்லை.

அந்த மழைக்காலம் முழுக்க ஒரு சந்தை நாளும் தவறவில்லை. மற்றக் குட்டிகள் புதுப்புல்லில் துள்ளிக்கொண்டிருந்தபோது செண்பகத்தின் குட்டி மட்டும் கட்டோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஏகாம்பரம் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு போகும். மழை ஓய்ந்து, புல் பழுக்கத் தொடங்கிய பிறகுதான் வைத்தியர் கடைசிக் கட்டை அவிழ்த்தார். குட்டி ஓர் அடி வைத்தது, இன்னோர் அடி வைத்தது, பிறகு ஏரிக்கரை நெடுக ஓடியது. செண்பகம் பின்னாலேயே ஓடியது. ஏகாம்பரம் காரில் சாய்ந்து நின்று, அவை திரும்பி வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தது.

எதற்காக வேண்டும் என்பதைத் தன்னிடமே முதலில் கேட்டுக்கொள்ளாதவனுக்கு ஊரார் சொல்லும் யோசனை எல்லாம் குழப்பமே தரும். அந்தக் குழப்பத்தில் அவன் தள்ளிப்போடும் வேலைக்கு அவனை நம்பி வந்தவர்களும் சேர்ந்து வருந்த நேரும்.