முந்திரி பொறுக்கிய பறவை

"இந்த மலையில காக்காயே இல்லம்மா," என்றார் உலகநாதன்.

அன்று அவருடைய அப்பாவுக்குத் திதி. சங்கரன்கோவிலாக இருந்தால் மொட்டைமாடியில் சோற்றை வைத்து ஒரு குரல் கொடுத்தால் போதும். இது இமயமலை. மரம்கூட முளைக்காத உயரம். அவருடைய குரு தவமணி அம்மா இங்கே ஒரு கல்வீட்டில் இருக்கிறார். வயதில் உலகநாதனுக்கு இளையவர்.

"காத்திருங்க," என்றார் அம்மா.

காகம் எடுக்காமல் யாரும் சாப்பிட முடியாது. அப்பாவுக்குப் பிடித்த சர்க்கரைப் பொங்கல் பாறைமேல் ஆறிக்கொண்டிருந்தது. இந்த வருஷம் அப்பா பசியோடு போய்விடுவாரோ என்று உலகநாதனுக்கு மனசு அடித்துக்கொண்டது.

எதிரே இருந்த செங்குத்துப் பாறையிலிருந்து ஒரு கறுப்புப் பறவை வந்து இறங்கியது.

உலகநாதன் துண்டை வீசி விரட்டினார். அது செங்குத்துப் பாறைக்கே திரும்பிப் பறந்தது.

"யாரை விரட்டுறீங்க?"

"தெரியலம்மா. ஆனா காக்கா இல்ல."

"தெரியாதவங்களை எதுக்கு விரட்டணும்? போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

போனார். பார்த்தார். வந்தார்.

"மூக்கு சிவப்பு. அதுவும் மெலிசா, வளைஞ்சு இருக்கு. காலும் சிவப்பு. கரையல, விசிலடிக்குது. நிச்சயமா காக்கா இல்ல."

"எது இல்லைன்னு சொல்றீங்க. எதுன்னு சொல்லலையே."

உலகநாதன் திரும்பி நடந்தார்.

"எனக்குப் பசிக்குது," என்றார் அம்மா பின்னாலிருந்து. "இந்தத் தடவை நல்லாப் பாருங்க."

செங்குத்துப் பாறையின் விளிம்பில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தார். வெகுநேரம் ஆயிற்று. திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது.

"தலையைச் சாய்ச்சுப் பாக்குற பார்வை அப்படியே காக்கா மாதிரிதாம்மா. நடையும் அதேதான். பாறை இடுக்குல ஜோடியாக் குடியிருக்கு. காத்து வந்தா இறக்கையை மடக்கிக்கிட்டுக் கல்லு மாதிரி விழுது. போச்சுன்னு நினைக்கிறப்ப மேல ஏறுது. மறுபடியும் விழுது. எதுக்குன்னே தெரியல. சும்மா விளையாடுது போல."

"அப்ப அது யாரு?"

"காக்காய்க்குச் சொந்தந்தான். சித்தப்பா பிள்ளைன்னு வச்சுக்கலாம்."

"திதிக்கு வந்த சொந்தத்தையா துண்டை வீசி விரட்டுனீங்க?"

உலகநாதன் பொங்கல் வைத்த பாறையை விட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

பறவை வந்தது. மேலே இருந்த பொங்கலைத் தொடவில்லை. மூக்கை உள்ளே விட்டு, கல்லைப் புரட்டுவதுபோலப் புரட்டியது. ஒரு முந்திரியை எடுத்தது. மறுபடியும் தோண்டியது. மறுபடியும் முந்திரி. பொங்கல் பாறையெல்லாம் சிதறியது.

உலகநாதன் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று அம்மா எட்டிப் பார்த்தார்.

சிரித்துக்கொண்டிருந்தார்.

"வீட்ல பொங்கல் வச்சா எங்க யாருக்கும் முந்திரியே கிடைக்காதும்மா. அத்தனையையும் அப்பாவே தோண்டி எடுத்துருவாரு. எங்கம்மா கரண்டியை எடுத்துக்கிட்டு வருவா."

அம்மா எழுந்து இரண்டு தட்டுகளைக் கழுவினார்.

"வாங்க, சாப்பிடலாம்."