காணாமல் போன புளியங்கொட்டை

சாத்தப்பனுக்கு ஞாபகசக்தி போதாது என்று யாராவது சொன்னால் ஊரே சிரிக்கும். தபால் நிலையத்தில் கடிதம் பிரித்துப் பிரித்தே தலை நரைத்த மனிதர். எந்தத் தெருவில் எந்த வீடு, அங்கே யார் இருந்தார்கள், காலி பண்ணிக்கொண்டு எங்கே போனார்கள், எல்லாம் நாக்கு நுனியில் நிற்கும். அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் நரம்பு டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு, "ஞாபகம் பத்தல டாக்டர்" என்றார்.

டாக்டர் வரிசையாக எண்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். சாத்தப்பன் சொன்னார். கேட்காமலே தலைகீழாகவும் சொன்னார். மண்டையைப் படம் எடுத்தார்கள். அதிலும் ஒரு குறையும் இல்லை.

"உங்க ஞாபகத்துல பாதி எனக்கு இருந்தாப் போதும். நல்லாத் தூங்குங்க, தினம் நடங்க. வேற ஒண்ணும் வேணாம்."

"ஒரே ஒரு வார்த்தைதான் வேணும் டாக்டர். அதை மட்டும் எடுத்துக் குடுத்துடுங்க."

"கவனிச்சுக் கேட்டதுதான் மூளையில பதியும். பதிஞ்சதைத்தான் எடுக்க முடியும்."

இது சாத்தப்பன் காதில் ஏறவில்லை. வேண்டாத பதில் யார் காதில்தான் ஏறுகிறது? தூங்கிப் பார்த்தார், நடந்து பார்த்தார், வல்லாரைக் கீரையை ஆடு மாதிரி மென்று பார்த்தார். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. கடைசியில் உமையாளிடம் போய் நின்றார்.

உமையாள் கவனகர். கவனகம் என்பது ஒரே நேரத்தில் பல விஷயங்களை மனசில் நிறுத்திக் காட்டுகிற கலை. ஒருவர் பாட்டுக்கு அடி கேட்பார், ஒருவர் கணக்குப் போடுவார், ஒருவர் மணி அடிப்பார். பின்னால் உட்கார்ந்து ஒருவர் முதுகில் சின்னக் கற்களாக எறிந்துகொண்டே இருப்பார். அத்தனையையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் ஒன்று விடாமல் ஒப்பிக்க வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. சைக்கிள் கடைக்கு மேலே மாடியில் உமையாள் வகுப்பு எடுத்தார். சாத்தப்பனைவிட வயதில் சின்னவர்தான். அதனாலென்ன, அவருக்குப் பத்துக் கவனகம் பழக்கியவர் உமையாள்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் சும்மா இருக்க மாட்டாமல் வந்து சேர்ந்தவர், சாத்தப்பன். வகுப்பிலேயே அவர்தான் கெட்டி.

"வாங்கண்ணே. துக்கத்துக்கு வந்தப்பப் பார்த்தது" என்றார் உமையாள். "உக்காருங்க."

சாத்தப்பன் உட்காரவில்லை. "அம்மா, எனக்கு நூறு கவனகம் சொல்லிக் குடுங்க."

"மேடை ஏறப் போறீங்களாக்கும்?"

"மேடையும் வேணாம், மாலையும் வேணாம். நூறு பழகுனா உள்ள ஒளிஞ்சு கிடக்கிறதெல்லாம் மேல வரும்ல?"

"என்ன ஒளிஞ்சு கிடக்கு?"

சாத்தப்பன் அப்போதுதான் பாயில் உட்கார்ந்தார்.

"வீட்டுல பழகுறப்ப எம் பொண்டாட்டிதான் பின்னாடி உக்காந்து எறிவா, தெரியும்ல?"

உமையாளுக்குத் தெரியும். சிகப்பி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததுண்டு. புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டே, எடுத்த கொட்டையைப் புருஷன் முதுகில் ஒவ்வொன்றாக எறிவாள். 'ஊர்ல எத்தனை பேருக்கு இந்த ஆசை இருக்கும், எனக்குத்தான் வாத்தியாரம்மாவே உத்தரவு குடுத்திருக்காங்க' என்பாள்.

"அன்னைக்கும் எறிஞ்சா" என்றார் சாத்தப்பன். "நான் மனசுல ஒரு பாட்டை நிறுத்தியிருந்தேன். பெரிய கழித்தல் ஒண்ணு போய்க்கிட்டு இருந்துச்சு. கொட்டையையும் எண்ணிக்கிட்டே இருந்தேன். நடுவுல எந்திரிச்சு என்னமோ சொன்னா. நான் 'ம்'னேன். உள்ள போயிட்டா."

"அப்புறம்?"

"பாட்டு சரியா வந்துச்சு. கணக்கும் சரி. எண்ணிக்கையைச் சத்தமாச் சொன்னேன். பதிலே இல்ல. சரின்னு திரும்பிக் கொட்டையை எல்லாம் பொறுக்கி எண்ணிப் பார்த்தேன். ஒண்ணு குறைஞ்சுச்சு. நான் தப்பா எண்ணுவேனான்னு எனக்கு ஒரு திமிரு. பாயைத் தூக்கிப் பார்த்தேன். பெஞ்சுக்கு அடியில கையை விட்டுத் துழாவினேன். 'சிகப்பி, ஒண்ணை எங்க உருட்டி விட்ட?'ன்னு கேட்டுக்கிட்டே தேடுறேன். அவ அடுப்படியில விழுந்து கிடக்கா. நான் கொட்டை தேடிக்கிட்டு இருக்கேன்."

"ஆட்டோவுல ஏத்தும்போதே முடிஞ்சிருச்சு. நெஞ்சு அடைச்சுப் போச்சுன்னாங்க." சாத்தப்பன் நிமிர்ந்து பார்த்தார். "அன்னைக்கு மனசுல நிறுத்துன பாட்டு இன்னும் இருக்கு. கழிச்ச மிச்சம் இருக்கு. தெருவுல உப்பு விக்கிறவன் கத்திட்டுப் போனதுகூட இருக்கு. அவ குரல் பின்னாடி கேட்டதும் இருக்கு. என்ன சொன்னாங்கிறதுதான் இல்ல. நெஞ்சு வலிக்குதுன்னாளா, காபி போடவான்னாளா? நான் எதுக்கும்மா 'ம்' சொன்னேன்?"

கேட்டுவிட்டு அவர் குழந்தை மாதிரி அழுதார். அந்த ஒரு வார்த்தைக்காக மனிதர் ஏங்கிய ஏக்கம் இருக்கிறதே, அதைப் பக்கத்தில் இருந்து பார்க்க முடியாது. உமையாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"நூறு அப்புறம் பார்ப்போம்ண்ணே. முதல்ல பத்து இன்னும் கைவசம் இருக்கான்னு பார்க்கலாம். எறியிறதுக்குக் கல்லு எடுத்துட்டு வரேன்."

"கல்லு வேணாம்." சாத்தப்பன் சட்டைப் பையிலிருந்து ஒரு சுருக்குப் பையை எடுத்தார். "அன்னைக்குப் பொறுக்குனது. கைவிட்டுப் போகக் கூடாதுன்னு வச்சிருக்கேன். குறைஞ்ச ஒண்ணுதான் கிடைக்கவே இல்ல. வீட்டையே கவுத்துப் போட்டுத் தேடிட்டேன். ஒருநாளும் தப்பாத கணக்கு, அன்னைக்குப் பார்த்துத் தப்பியிருக்கு."

உமையாள் பையை வாங்கிக்கொண்டார். "திரும்பி உக்காருங்க."

சாத்தப்பன் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். உமையாள் ஒரு பாட்டின் அடிகளை முன்னுக்குப் பின்னாகக் கலைத்துச் சொன்னார். கழிக்க ஒரு பெரிய எண்ணைக் கொடுத்தார். இடது கையால் மணியை அடித்துக்கொண்டே வலது கையால் கொட்டைகளை எறிய ஆரம்பித்தார்.

முதல் கொட்டை முதுகில் பட்டதும் சாத்தப்பன் திரும்பிப் பார்க்கப் போய், அடக்கிக்கொண்டார். பிறகு பழக்கம் வந்து சேர்ந்துகொண்டது. பாட்டு ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம், மணி ஒரு பக்கம் என்று அதது தன் இடத்தில் போய் நின்றது. சிகப்பி போனபிறகு அவர் மனசு அப்படி நிம்மதியாக இருந்ததே இல்லை. கொட்டைகள் விழுந்துகொண்டே இருந்தன. பின்னால் ஏதோ பேச்சுக்குரல் கேட்டது. "ம்" என்றார்.

"ஆச்சுண்ணே. சொல்லுங்க" என்றார் உமையாள்.

சாத்தப்பன் பாட்டை அடி பிசகாமல் ஒழுங்கு பண்ணிச் சொன்னார். கழித்த மிச்சத்தைச் சொன்னார். மணி அடித்த கணக்கைச் சொன்னார். கொட்டைகளின் எண்ணிக்கையையும் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்குச் சுருக்கென்றது. அது அன்றைக்குச் சொன்ன அதே எண்.

"பையில இருந்தது எல்லாத்தையும் எறிஞ்சீங்களா?"

"எல்லாம்தான்."

"புதுசா ஒண்ணும் சேர்க்கலையே?"

"சேர்க்கல."

சாத்தப்பன் திரும்பி, தரையில் கிடந்ததையெல்லாம் பொறுக்கினார். எண்ணினார். மறுபடி ஒன்று குறைந்தது. பாயின் ஓரத்தைத் தூக்கப் போனார்.

"தேடாதீங்கண்ணே."

அவர் கை அப்படியே நின்றது. "நடுவுல நீங்க என்னமோ சொன்னீங்க."

"ஆமா."

"என்ன சொன்னீங்க?"

"நீங்க 'ம்'னு சொன்னீங்க" என்றார் உமையாள். "எதுக்குன்னு இப்பவே உங்களுக்குத் தெரியல. நூறு பழகினாலும் தெரியாது. அது உள்ள வரவே இல்லண்ணே. வராததை நான் எங்க போயி எடுத்துக் குடுப்பேன்?"

சாத்தப்பன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். டாக்டரும் இதைத்தான் சொன்னார். இப்போது காதில் ஏறியது, ஏறி நெஞ்சில் போய் உட்கார்ந்தது.

கையிலிருந்த கொட்டைகளைப் பார்த்தபடியே கேட்டார். "அப்ப எண்ணிக்கை ஏன் கூடுச்சு?"

"பேசுறதுக்கு முன்னாடி உங்களைத் தொட்டேன்."

"தொட்டீங்களா?"

"முதுகுல. ஒத்த விரலால. திரும்பிப் பார்க்காம உக்காந்திருக்கிற ஆளை வேற எப்படிக் கூப்பிடுறது?"

சாத்தப்பனின் வலது கை மெல்ல எழுந்து தோளுக்கு மேலே போனது. முதுகின் நடுவில் ஓர் இடத்தை அது தேடியது. எட்டவில்லை. இடுப்புப் பக்கமாகக் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தார். அப்படியும் எட்டவில்லை.

உமையாள் கொட்டைகளை அவர் உள்ளங்கையிலிருந்து வாங்கிப் பையில் போட்டு, சுருக்கை இழுத்து, அவர் சட்டைப் பையிலேயே வைத்தார்.

"அன்னைக்கு உங்க கணக்கு தப்பலண்ணே" என்றார்.