பையில் வந்த பென்டிரைவ்

தையல் மிஷினை மிதித்து மிதித்து மூட்டு தேய்ந்துபோன பிறகு, நாற்பத்திரண்டாவது வயதில் நாகஜோதி கம்ப்யூட்டர் ரிப்பேர் கற்றுக்கொள்ள வந்தாள். கற்றுக்கொடுத்த பர்வீனுக்கு இருபத்தெட்டு வயது. ராஜபாளையத்தில் ஒரு மாடிப்படிக்கு அடியில் அவள் கடை. மூத்தவள் இளையவளை டீச்சர் என்பாள். இளையவள் மூத்தவளை அக்கா என்பாள். பார்க்கிறவர்களுக்குத்தான் குழப்பம்.

அன்றைக்குப் பர்வீன் ஒரு பள்ளிக்கூட வேலையாகப் போய்விட்டு மத்தியானம் திரும்பினாள். நாகஜோதி முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள்.

"டீச்சர், தனியாளா ஒரு லேப்டாப்ப முடிச்சிட்டேன். விண்டோஸ் புதுசா போட்டாச்சு."

"யாரோடது?"

"மாரீஸ்வரின்னு ஒரு பொண்ணு. காலைல பையோட குடுத்துட்டு, பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிருச்சு. நாலு மணிக்கு வருது."

"அதுல சிடி தட்டு வெளிய வராதேக்கா. எப்படிப் போட்டீங்க?"

"அங்கதான டீச்சர் என் மூளை வேலை செஞ்சுச்சு! போன வாரம் நீங்க பென்டிரைவுல விண்டோஸ ஏத்திப் போட்டீங்கல்ல, அதே மாதிரி."

"நம்ம பென்டிரைவ நான்தான எடுத்துட்டுப் போனேன்?"

"அந்தப் பொண்ணு பைக்குள்ளயே ஒண்ணு இருந்துச்சு. வெவரமான பொண்ணு டீச்சர். ஜாக்கெட் தைக்கக் குடுக்கறவங்க துணியோட லைனிங்கும் வச்சுக் குடுப்பாங்கல்ல, அப்படி வச்சு விட்டிருக்கு."

பர்வீன் தோளில் கிடந்த பையை இறக்காமல் அப்படியே நின்றாள்.

"ஏத்துறதுக்கு முன்னாடி பெட்டி மாதிரி வந்து ஒரு கேள்வி கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. இங்கிலீஷ்ல. அது எப்பவும் என்னத்தையாச்சும் கேட்டுக்கிட்டேதான இருக்கும். ஓகே குடுத்துட்டேன்."

"இதுக்குள்ள இருக்கறதெல்லாம் போயிரும், சரிதானான்னு கேட்டிருக்கும்."

நாகஜோதியின் சிரிப்பு முகத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. இறங்கவில்லை.

"நேத்து போன்ல நான்தான் சொன்னேன்" என்றாள் பர்வீன். "வேணுங்கறதையெல்லாம் பென்டிரைவுல காப்பி பண்ணிட்டு லேப்டாப்பக் கொண்டாங்கன்னு."

"லேப்டாப்புல இன்னும் இருக்குமே டீச்சர்?"

"நீங்கதான சொல்லணும்."

"முழுசாத் துடைச்சிட்டேன். சுத்தமா இருக்கட்டும்னு."

லேப்டாப்பில் இருந்தது புது வகை டிஸ்க். துடைத்தால் துடைத்ததுதான். அது நாகஜோதிக்கும் தெரியும்.

"அப்படி என்ன டீச்சர் இருந்துச்சு அதுல?"

"அந்தப் பிள்ள நடந்தது."

"நடந்ததா?"

"சதை வலுவில்லாமப் போற நோவு. நாலு வயசுல ஒரு நாலு மாசம் நடந்துச்சாம். அப்புறம் கால் விழுந்துருச்சு. இனிமே நடக்காதுன்னு சொல்லிட்டாங்களாம். அந்த நாலு மாசத்தையும் அம்மாக்காரி போன்ல படம் பிடிச்சு வச்சிருந்திருக்கு. போன் உடையறதுக்கு முன்னாடி லேப்டாப்புல ஏத்துனது."

"கொண்டுவர முடியுமா டீச்சர்?"

பர்வீன் பென்டிரைவைத் தன் கம்ப்யூட்டரில் சொருகி, அழிந்ததைத் தேடுகிற மென்பொருளை ஓடவிட்டாள். திரையில் கோடு மெல்ல மெல்ல நகர்ந்தது. நாகஜோதி எந்தச் சாமியைக் கூப்பிடுவதென்று தெரியாமல் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டாள்.

முதலில் ஒரு ரேஷன் கார்டு வந்தது. அடுத்து ஆஸ்பத்திரிச் சீட்டுகள். யார் வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகையோ ஒன்று. கடைசியில் வீடியோ இருபத்தாறு வந்தது. நாகஜோதி இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டாள். பர்வீன் ஒவ்வொன்றாகத் தட்டினாள். இருபத்தாறும் கறுப்பு.

"அது மேலதான்க்கா விண்டோஸ் ஏறி உக்காந்திருக்கு."

"வேற வழி?"

"இல்ல."

நாலு மணிக்கு மாரீஸ்வரி வந்தாள். இடுப்பில் ஏழு வயசுப் பெண், தனுஸ்ரீ. இரண்டு கால்களும் துணிபோல் தொங்கின. வாய் மட்டும் ஓயவில்லை.

"ஆன்ட்டி, லேப்டாப்புக்கும் ஊசி போட்டீங்களா? அழுதுச்சா?"

யாரும் சிரிக்கவில்லை. நாகஜோதி மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"லேப்டாப் சரியாயிருச்சும்மா. பென்டிரைவுல இருந்ததுதான்... அழிஞ்சு போச்சு."

"எல்லாமா?"

"எல்லாம்."

மாரீஸ்வரி பிள்ளையை அந்த இடுப்பிலிருந்து இந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு தனக்குத்தானே பேசுகிற மாதிரி பேசினாள்.

"நான்தான். காப்பி ஆச்சா ஆகலையான்னுகூடப் பாக்காம வெடுக்குன்னு பிடுங்கிட்டேன். பிடுங்காத பிடுங்காதன்னு அவரு கத்துனாரு. ஆட்டோக்காரன் ஆரன் அடிச்சுக்கிட்டே நின்னான்."

நாகஜோதியின் வாய் திறந்தது. மூடிக்கொண்டது.

"நான் நடந்த படமாம்மா?" என்று கேட்டாள் தனுஸ்ரீ.

"ஆமா தங்கம். அம்மா தொலைச்சிட்டேன்."

"பரவால்லம்மா. எனக்குத்தான் ஞாபகம் இருக்கே."

"என்னடி ஞாபகம் இருக்கு?"

பிள்ளை யோசித்தது. வெகுநேரம் யோசித்தது. ஒன்றும் சொல்லவில்லை.

மாரீஸ்வரி பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, வரேன்க்கா என்று இருவருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

நாகஜோதி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"நீங்களாச்சும் வாயத் திறந்திருக்கலாம்ல டீச்சர்."

"ஓகே குடுத்தது நானாக்கா?"

"நான் பொய்யொண்ணும் சொல்லலையே. அழிஞ்சுதான போச்சு?"

பர்வீன் ஒரு துண்டுத்தாளை எடுத்தாள். அதில் 'அழிஞ்சு' என்று எழுதினாள். நடுவிலிருந்த 'ஞ்' மேல் ஒரு கோடு போட்டாள். கோட்டுக்கு மேலே 'ச்' என்று எழுதி, தாளை நாகஜோதியின் பக்கம் தள்ளினாள்.

நாகஜோதி அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்ததும் தாளைக் குப்புறக் கவிழ்த்தாள்.

"இதச் சொன்னா அந்தப் படம் வந்துருமா டீச்சர்?"

"வராது."

"அந்தப் பொண்ணுக்கு மனசு ஆறிருமா?"

"ஆறாது."

"என்னைய மண்ணள்ளித் தூத்தும்."

"தூத்தும்."

"அப்புறம் எதுக்கு டீச்சர் சொல்லணும்?"

பர்வீன் கவிழ்ந்து கிடந்த தாளைப் பார்த்தாள்.

"தொலைச்சிட்டேன்னு அந்தப் பொண்ணு பிள்ளகிட்ட சொல்லுச்சே, அது யார் சொல்லவேண்டிய வார்த்தைக்கா?"