பாலிகைக்கு மண் கொடுத்த வேம்பாயி

அன்பானவர்களே, எல்லோரும் சுகம்தானே? மூட்டுவலிக்காரர்கள் இந்தப் பனியில் கொஞ்சம் பார்த்து நடங்கள். இன்றைக்கு வேம்பாயி அம்மையாரின் கதையைச் சொல்கிறேன்.

கீழமருதாந்தூர் மருதீசர் கோயிலில் மாட்டுக்கொட்டில் கூட்டுவது அந்த அம்மையாரின் வேலை. விடிந்ததும் சாணத்தையும் மரத்தடிச் சருகையும் கூடையில் வாருவார். "மருதீசா, இது உன் பூமிக்கு" என்று கும்பிட்டு, தாம் உழும் கோயில் வயலில் கொண்டுபோய்க் கொட்டுவார்.

கணவர் இருந்தவரை அந்த வயலும் மூட்டை மூட்டையாக யூரியா தின்றதுதான். முதலில் நெல் பொங்கியது. பிறகு மண் ஓடுபோல் இறுகிப்போய், மண்புழு ஒன்றுகூட இல்லாமல் ஆயிற்று. கணவர் மறைந்தபின் அம்மையார் யூரியாவை நிறுத்தினார். மூன்று வருடம் பாதி விளைச்சல்தான். ஊரே சிரித்தது.

"வேம்பாயி சாமிக்குப் படைக்கல, புழுவுக்குப் படைக்குது" என்றார் தர்மகர்த்தா வைத்திலிங்கம். "திருவிழா முடியட்டும். வயலை வேற ஆளுக்கு விடுறேன்."

"அது மருதீசரு பூமி ஐயா. அவரு போன்னு சொன்னா போறேன்."

அந்த ஊரில் கொடியேற்றத்துக்கு ஒன்பது நாள் முன்பே வயல்மண் எடுத்து, பாலிகைக் கிண்ணங்களில் நவதானியம் விதைப்பார்கள். முளை வராமல் கொடி ஏறாது. மண் கொடுத்தவருக்கே சாமியின் பரிவட்டம். வழக்கம்போல் வைத்திலிங்கத்தின் மண்தான் வந்தது. தம் மண்ணில் முளை முழ உயரம் நிற்கவேண்டும் என்ற ஆசையில் மனிதர் என்ன செய்தார் தெரியுமா? யாரும் பார்க்காமல் இரண்டு பிடி யூரியாவைக் கலந்துவிட்டார்!

நான்காம் நாள் குருக்கள் கிண்ணங்களைத் திறந்தார். ஒரு முளைகூட இல்லை. கிளறினால், விதையெல்லாம் கருகிக் கிடந்தது. கொடியேற இன்னும் ஐந்தே நாள்.

குருக்கள் வேறு மண் தேடி மண்வெட்டியோடு வயல் வயலாக அலைந்தார். போட்ட இடமெல்லாம் டங்கென்று எகிறியது. அம்மையாரின் வயலில்தான் வெட்டு ஆழமாக இறங்கியது. மண் பொலபொலவென்று உதிர, நாலைந்து புழுக்கள் நெளிந்தன.

"இந்த மண்ணா?" என்று சீறினார் வைத்திலிங்கம். "இதுலயும் முளைக்கலன்னா இவளுக்கு வயலும் இல்ல, ஊரும் இல்ல!"

குருக்கள் தயங்கினார். "நீ என்னம்மா சொல்றே?"

"மருதீசரே கேக்குறாரு. எடுத்துக்கிட்டுப் போங்க சாமி."

அந்த மண்ணில் மறுபடி விதைத்தார்கள். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. அதற்குள் வைத்திலிங்கம் புது ஆளைக் கூட்டிவந்து வரப்பைக் காட்டிக்கொண்டிருந்தார். அம்மையார் அதைப் பார்த்தபடியே சாணம் அள்ளினார். வாய் "மருதீசா, மருதீசா" என்றது.

மூன்றாம் நாள் காலையில் குருக்கள் மேல்துண்டு நழுவியது தெரியாமல் ஓடிவந்தார். "வேம்பாயி! ஒரு கிண்ணம் பாக்கியில்லாம முளைச்சிடுத்தும்மா!"

கொடி ஏறியது. பரிவட்டத் தட்டு வைத்திலிங்கத்தைத் தாண்டிக் கொட்டில் வாசலுக்கு வந்து நின்றது. அம்மையார் சாணக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தலைகுனிந்தார். பின்னாலேயே வந்த வைத்திலிங்கம் ஊர் கேட்கச் சொன்னார்: "விதையைக் கருக்குனது நான் போட்ட யூரியாதான். சாமியே கைநீட்டி மண்ணு கேட்ட வயலு. இனிமே அதை நீதான் உழணும்மா. ஆளை மாத்த நான் யாரு?"

பூமியின் பசியறிந்து ஊட்டிய அந்த அம்மையாரின் பாதம் வாழ்க.

உங்கள் வயலில் மண்புழு இருக்கிறதா? செத்த மண் பிழைத்ததைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் அந்தக் கதையை எனக்கு எழுதுங்கள்.