எழில் வீட்டு பாஸ்வேர்டு

குருவுக்கு இருபத்தொன்பது வயது. சீடருக்கு அறுபத்திரண்டு. ஏரல் கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், நான்கு கம்ப்யூட்டர்களும் முனகிக்கொண்டே சுற்றும் ஒரு மின்விசிறியும் இருக்கும் அறைதான் ஆசிரமம். குருவின் பெயர் பெனாசிர். சீடர், வாழை மண்டி ஆதிலிங்கம். ஊருக்கே அவர் அண்ணாச்சி.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏலம் முடிந்த கையோடு அண்ணாச்சி மாடியேறி வந்தார். மஞ்சள் பையிலிருந்து இரண்டு கொம்பு முளைத்த வெள்ளைப் பெட்டி ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"டீச்சர், இதுக்குப் பேரு மாத்தணும்."

"வைஃபை ரவுட்டர்லா இது. கம்பெனிக்காரங்களே வந்து மாட்டித் தருவாங்களே அண்ணாச்சி?"

"வந்தான். அவன் இஷ்டத்துக்கு ஒரு பேரப் போட்டுட்டு அஞ்சு நிமிசத்துல கெளம்பிட்டான். நான் களத்தி எடுத்துட்டு வந்துட்டேன்."

"என்ன பேரு வேணும்?"

"பளைய பேரு. பளைய பாஸ்வேர்டு."

அண்ணாச்சியின் நாக்குக்கும் ழகரத்துக்கும் பிறவியிலேயே ஆகாது. பழம் என்றால் பளம், மழை என்றால் மளை. நாற்பது வருஷமாக வாழை வியாபாரம் செய்கிறவர் ஒரு நாள்கூட வாழை என்று சொன்னதில்லை. அதற்காக எந்தத் தாரும் கோபித்துக்கொண்டு பழுக்காமல் இருந்ததில்லை.

"நானே போட்டுத் தந்துருதேன். பத்து நிமிச வேல."

"வேண்டாம் டீச்சர். சொல்லித் தாங்க. எங்கையால போடணும்."

மவுஸைப் பிடிக்கவே அவருக்குத் தெரியாது. கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் போகக் கிளம்பினானாம் என்று வேறொருவர் சிரித்திருப்பார். பெனாசிர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க" என்றார்.

அண்ணாச்சி உட்காரவில்லை. கேட்க வந்ததை முதலில் கேட்டார்.

"பளைய பேரும் பாஸ்வேர்டும் அப்படியே இருந்தா, முன்ன இந்த வீட்டுல ஒட்டியிருந்த போனு தானா வந்து ஒட்டிக்கிடுமாமே. நெசமா?"

"நெசந்தான். ஓரெழுத்து மாறக் கூடாது."

"நாலு வருசம் களிச்சு வந்தாலும்?"

"அந்தப் போன்ல யாரும் அளிக்காம இருந்தா ஒட்டிக்கிடும்."

குருவும் இந்த ஊர்க்காரர்தான். எப்போதாவது அவருக்கும் நாக்கு இப்படி வழுக்கும்.

அண்ணாச்சி உட்கார்ந்தார்.

ஏன் என்று பெனாசிர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அன்றைக்குச் சொல்லியிருக்க மாட்டார். நமக்கென்ன, நாம் சொல்லிவிடலாம்.

அண்ணாச்சிக்கு ஒரே மகள். பெயர் எழில். அவர் கூப்பிடும்போது எளில். தாயில்லாத பிள்ளைக்கு ஒன்பது வயதிலிருந்து அவரே தலை பின்னிவிட்டார். கோயம்புத்தூரில் அவள் இன்ஜினியரிங் படித்தபோது, வெள்ளிக்கிழமை தவறாமல் பஸ்ஸில் ஒரு சீப்பு பழம் கொடுத்துவிடுவார். படிப்பை முடித்து வந்தவள்தான் வீட்டில் வைஃபை மாட்டினாள். அப்பா சொல்லுகிற ஒவ்வொரு பளத்தையும் பழமாகத் திருத்துவாள். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கின பிள்ளை அது.

அக்கா மகனுக்குக் கட்டித் தருவதாக அண்ணாச்சி வாக்குக் கொடுத்திருந்தார். அவள் மாட்டேன் என்றாள். புனேயில் வேலை கிடைத்தது, பெட்டியைக் கட்டினாள். "இந்தப் படியத் தாண்டினா, திரும்பி இதுல ஏறக் கூடாது" என்று அவர் சொன்னார். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சொன்னார். அவள் தாண்டினாள்.

முதல் மூன்று மாதம் ஞாயிறுதோறும் போன் வந்தது. மணி அடித்து ஓயும்வரை திரையில் அவள் பெயரைப் பார்த்துக்கொண்டிருப்பார். எடுக்க மாட்டார். அடுத்த வாரம் எடுக்கலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தார். பிறகு போன் வரவில்லை. வீம்பில் வருஷம் நாலு போய்விட்டது.

இந்த ஐப்பசியில் விழுந்த இடியில் பழைய பெட்டி கருகிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை, அவர் வீட்டிலிருந்து இரண்டாம் வீட்டில் கல்யாணம். பெண், எழிலின் சிநேகிதி. எழில் வருகிறாள் என்று சிநேகிதியின் அம்மா மண்டியில் வைத்து, அவர் காதில் விழட்டும் என்றே உரக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டு வீடு தள்ளி என்றால் வைஃபை எட்டும். அவர் திட்டம் அவ்வளவுதான்.

முதல் நாள் பாடம் ஒரு மஞ்சள் வயர். பெட்டியில் ஒரு முனை, கம்ப்யூட்டரில் மறு முனை.

"வயர் எதுக்கு? காத்துல வாரதுதான இது?"

"காத்துல இருந்துகிட்டே பேர மாத்தினா, மாத்தின நிமிசமே நாம வெளிய நிப்போம். உள்ள இருந்து மாத்தணும்னா கையப் பிடிச்சுக்கிடணும் அண்ணாச்சி."

பிறகு ஒரு எண்ணை எழுதிக் கொடுத்தார். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, புள்ளி, நூற்று அறுபத்தெட்டு, புள்ளி, ஒன்று, புள்ளி, ஒன்று. அண்ணாச்சி ஒற்றை விரலால் ஒவ்வொன்றாகத் தேடி அழுத்தினார். புள்ளியைக் கண்டுபிடிக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. பக்கம் திறந்தது.

"யார் வீட்டு நம்பர் டீச்சர் இது?"

"உங்க வீட்டு நம்பர்தான்."

"வெளிய இருக்கவங்க இந்த நம்பருக்கு வர முடியுமா?"

"முடியாது. உள்ள இருக்கவங்கதான் தெறக்கணும்."

அண்ணாச்சி அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அதோடு சரி.

புதன்கிழமை பையில் ஒரு பழைய போனும் வந்தது. மூலையில் கண்ணாடி விரிந்த போன். எழில் கல்லூரியில் வைத்திருந்தது, புதிது வாங்கியபோது அலமாரியில் போட்டுவிட்டுப் போனது. அதற்கு அவர் நாலு வருஷமாக வாரம் ஒரு முறை சார்ஜ் ஏற்றி வருகிறார். 

போனில் பழைய பெயர் பத்திரமாக இருந்தது. 'எழில் வீடு', ஆங்கில எழுத்தில். ழகரத்துக்கு முறையாக இசட், எச் போட்டிருந்தாள்.

"பேரு கெடச்சுட்டு. பாஸ்வேர்டு?"

"சொல்லியிருக்கா. 'நம்ம பளந்தான்பா, ஒனக்கு மறக்கவே மறக்காது'ன்னு சொல்லிட்டுச் சிரிச்சா. வாளப்பளம். ஆனா அடிச்சதெல்லாம் அவதான். நான் ஒரு நாளும் அடிச்சதில்ல."

"அப்ப இந்தப் போன்தான் சாட்சி. சரியாப் போட்டோம்னா இது தானா ஒட்டும்."

அண்ணாச்சி பெயரை அடித்தார். பாஸ்வேர்டு கட்டத்தில் வாழைப்பழம் என்று அடித்தார், ழகரத்துக்கு இசட், எச் போட்டு. சேமித்தார். பெட்டியில் விளக்கு அணைந்து எரிந்தது. போனைப் பார்த்தார்கள். ஒட்டவில்லை.

'வா'வுக்கு இரண்டு ஏ போட்டுப் பார்த்தார். ஒட்டவில்லை. 'ப்ப'வுக்கு இரண்டு பி. ஒட்டவில்லை. 'ழை'க்கு ஏ, ஐ. அப்புறம் இ, ஐ. முதல் எழுத்தைப் பெரிதாக்கி, கடைசியில் ஒன்று சேர்த்து, அவள் பிறந்த வருஷத்தைச் சேர்த்து. ஒவ்வொரு தடவையும் விளக்கு அணையும், எரியும். ஒவ்வொரு தடவையும் இரண்டு பேரும் குனிந்து போனைப் பார்ப்பார்கள்.

மத்தியானத்துக்குள் இருபத்தாறு வாழைப்பழம் ஆயிற்று. மண்டியில்கூட அவர் இவ்வளவு மெனக்கெட்டதில்லை.

"நாளைக்கு வாங்க அண்ணாச்சி."

"ஞாயித்துக்கிளமைக்குள்ள ஆயிருமா டீச்சர்?"

"ஞாயித்துக்கிழமை என்ன?"

அப்போதுதான் சொன்னார். வாக்கு, படி, எடுக்காத போன், இரண்டாம் வீட்டுக் கல்யாணம், எல்லாவற்றையும். சொல்லும்போது ரவுட்டரின் கொம்பைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அவ விட்டுட்டுப் போன வீடு அவள மறக்கலன்னு அவளுக்குத் தெரிஞ்சாப் போதும். நான் போயிப் பேசணும்னு கூட இல்ல."

பெனாசிர் பழைய போனை மட்டும் கையில் எடுத்து, "இது இன்னைக்கு எங்கிட்ட இருக்கட்டுமா?" என்று கேட்டார். அண்ணாச்சி போனையும் குருவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "சார்ஜர் பையில இருக்கு" என்று எடுத்துக் கொடுத்து, பெட்டியையும் அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை அவர் வந்தபோது கம்ப்யூட்டரில் அந்தப் பக்கம் திறந்தே இருந்தது. கட்டம் காலியாக இருந்தது.

"அண்ணாச்சி, நேத்து யாரு சொல்ற மாதிரி அடிச்சோம்?"

"எளில் சொல்ற மாதிரி. அவளுக்குச் சுத்தமா வரும்."

"ஹாஸ்டலுக்குப் பளம் கொடுத்துவிட்டா மெசேஜ் போடுவீங்கள்லா? இந்தப் போன்ல இன்னும் கெடக்கு, பாத்தேன்."

"போடுவேன். வெள்ளிக்கிளம சாயந்தரம். பஸ் நம்பரும் போடுவேன்."

"இப்பவும் பஸ்ல பளம் ஏத்திட்டதா நெனச்சுக்கிடுங்க. அதே மாதிரி அடிங்க."

"என் இங்கிலீஸ் தப்புத் தப்பா இருக்கும் டீச்சர். அவ கேலி பண்ணுவா."

"அந்தத் தப்புதான் வேணும்."

அண்ணாச்சி கூச்சத்தோடு விரலை நீட்டினார். நேற்றெல்லாம் எழுத்தைத் தேடித் தேடித் திணறிய விரல் இன்றைக்குத் தேடவில்லை. நாலு வருஷம் வெள்ளிக்கிழமைதோறும் போன பாதைதானே. வி, ஏ, ஏ, எல், ஏ. பி, பி, ஏ, எல், ஏ, எம். இசட்டும் இல்லை, எச்சும் இல்லை. வாளப்பளம்.

சேமித்தார். விளக்கு அணைந்தது. எரிந்தது.

மேஜைமேல் இருந்த பழைய போனை இருவரும் குனிந்து பார்த்தார்கள். மேல் மூலையில் மூன்று கோடு ஏறியது.

அண்ணாச்சி போனைத் தொடவில்லை. திரையில் தான் அடித்ததை மறுபடி ஓரெழுத்து ஓரெழுத்தாகப் படித்தார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தன்னைத் திருத்திய பிள்ளை, வீட்டுக்குப் பூட்டுப் போடும்போது மட்டும் திருத்தாமல் விட்டிருக்கிறாள். அப்பா தனியாக இருக்கும்போது அப்பா வாய்க்கு வருகிற மாதிரியே திறக்கட்டும் என்று விட்டிருக்கிறாள். அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பு இப்போதுதான் அவருக்குப் புரிந்தது. துண்டை முகத்தில் வைத்து அழுதார். பெனாசிர் எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு வந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணாச்சி முகத்தைத் துடைத்தார். 

"ஞாயித்துக்கிளம ரெண்டாம் வீட்டுக்கு வருவா. போனு தானா ஒட்டும். அவ பாப்பா. அது போதும், இல்லியா டீச்சர்?"

பெனாசிர் பழைய போனைத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார். படியிறங்கிப் போனார். அண்ணாச்சி ஜன்னல் வழியாகப் பார்த்தார். குரு பேருந்து நிறுத்தம்வரை நடந்தார், ஒரு கரும்புச்சாறு குடித்தார், திரும்பி நடந்து வந்து படியேறினார்.

"அண்ணாச்சி, நான் எந்த எடத்துல போகும்போது போன் பெட்டிய விட்டு அந்துச்சு?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"திரும்பி எந்த எடத்துல வரும்போது ஒட்டுச்சு?"

"தெரியலியே. பெட்டியில வெளக்கு எப்பவும்போலத்தான் எரிஞ்சுது."

"எனக்கும் தெரியல. போன் பைக்குள்ள இருந்துச்சு. கல்யாண வீட்டுல அவ போனும் பைக்குள்ளதான் கெடக்கும்."

கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அண்ணாச்சி சட்டைப்பையில் இருந்த தன் போனை எடுத்தார். மகள் நம்பர் இருக்கும் இடத்துக்கு விரல் தானாகப் போயிற்று. அழுத்தவில்லை.

"நாலு வருசம் களிச்சு, என்னத்தச் சொல்லி டீச்சர் ஆரம்பிக்க? மன்னிச்சுக்கோன்னு சொல்ல எனக்கு வாய் வராது. கல்யாணத்துக்கு வாரியான்னு கேட்டா, வேவு பாக்குதேன்னு நெனப்பா."

"வீட்டு பாஸ்வேர்டு என்னன்னு கேளுங்க."

"அதான் இப்பத் தெரிஞ்சுபோச்சே."

"உங்களுக்குத் தெரிஞ்சுட்டு அண்ணாச்சி. ஆனா அந்த வார்த்தைய உங்கள மாதிரியே உங்க மக சொல்லி, நீங்க ஒரு நாளும் கேட்டதில்லையே."