டயானா செய்த மரியாதை

டி.எஸ்.பி. தேசிங்குராஜன் வந்தால் ஆணியில் தொங்கும் தொப்பிகூட விறைத்து நிற்கவேண்டும். அப்படிப்பட்டவர் முன்னால் மோப்ப நாய் டயானா வாலைக்கூட அசைக்காமல் படுத்திருந்தது.

“யோவ் அருளப்பா, நாளைக்கு எஸ்.பி. ஐயா வர்றார். உன் நாய் எல்லார் முன்னாலயும் எனக்கு மரியாதை செய்யணும். இல்லேன்னா நாயைப் பிடுங்கிட்டு உன்னை வேற ஊருக்குத் தூக்கியடிச்சிடுவேன்.”

டயானாவைப் பழக்கிய அருளப்பன் தலையைச் சொறிந்தார். “அதுக்கு உட்காரத்தான் தெரியுங்கய்யா.”

“உட்காரட்டுமே! மண்டிபோட்ட மாதிரி அழகா இருக்கும்.”

கஞ்சா வாசனை பிடித்தால் குரைக்காமல் உட்காரும்படிதான் டயானாவைப் பழக்கியிருந்தார்கள். ஐயா கேட்கவில்லை, அருளப்பனும் சொல்லவில்லை.

மறுநாள் அணிவகுப்பில் அருளப்பன் சைகை காட்ட, டயானா டி.எஸ்.பி.யின் காலடியில் கம்மென்று உட்கார்ந்தது. பக்கத்தில் நின்றவர்கள் நாலடி விலகினார்கள். எஸ்.பி.யின் பார்வை டி.எஸ்.பி.யின் பேண்ட் பைக்குப் போனது.

“ஐயோ சார், இது மரியாதைக்கு உட்கார்ந்தது!”

எஸ்.பி. அருளப்பனைப் பார்த்தார்.

“மரியாதைக்கா கஞ்சாவுக்கான்னு டயானாவுக்குத் தெரியுங்கய்யா. டி.எஸ்.பி. ஐயா பையைத் திருப்பிக் காட்டினா நமக்கும் தெரிஞ்சிடும்.”

பையில் சீப்பும் பாக்குப் பொட்டலமும்தான் இருந்தன. ஆனால் அன்றுமுதல் டயானா பின்னங்காலை மடக்கினாலே போதும், டி.எஸ்.பி. எழுந்து நின்றுவிடுகிறார்.